கடை லாபத்தில் தொண்டுக்கு ஒதுக்கும் பணம்: யாருக்கு, எந்த வழியில்?

கூட்டுறவுக் கடையின் பேரவைக் கூட்டத்தில் குரல் உயர்வது வழக்கமாக இரண்டு விஷயத்துக்குத்தான். பங்கு ஈவு எவ்வளவு, துவரம்பருப்பு ஏன் வெளியே விற்பதைவிட விலை அதிகம். தென்சென்னையில் உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் எங்கள் சின்னக் கடையில் இந்த வருடம் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. லாபத்தில் ஒரு பங்கைச் சென்னையிலேயே வேலை செய்யும் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பது என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, யாருக்கு, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை உறுப்பினர்களிடம் விட்டுவிட்டது. அதிலிருந்து வாட்ஸ்ஆப் குழுவில் ஆளுக்கொரு பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு கடைகளிலும் இந்தப் பேச்சு வரலாம் என்பதால், கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, என் வாக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மளிகைக் கடைக்கு எதுக்குங்க தர்ம காரியம்?" என்று கேட்கிறவர்களுக்கு முதலில் ஒரு பத்தி. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் தொடங்கிய கடைதான் இன்றைய நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு முன்மாதிரி. அவர்களே பிறகு உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கி, வாசகசாலை நடத்தினார்கள். நம் ஊரில் 1904-ல் திருவல்லிக்கேணியில் டி.யூ.சி.எஸ். என்ற நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, காமதேனு கடை என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். 1912-ம் வருடத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில், நிகர லாபத்தில் கால் பங்கை இருப்பு நிதிக்கு எடுத்து வைத்த பிறகு, மீதியில் பத்து சதவீதம் வரை பதிவாளர் அனுமதியோடு தருமத்துக்குத் தரலாம் என்று இடம் இருந்தது. இன்று தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு 1983-ம் வருடச் சட்டம், அதற்குக் கீழே அவரவர் துணை விதி. ஆக, இது புதிதாக யாருக்கோ தோன்றிய ஆசை இல்லை.

அடுத்து தொகை. மேலே சொன்ன பழைய கணக்கையே வைத்துப் பார்ப்போம். ஒரு கடையின் நிகர லாபம் 8 லட்சம் என்றால், கால் பங்கான 2 லட்சம் போக மீதி 6 லட்சம். அதில் பத்து சதவீதம் 60,000 ரூபாய். சின்னக் கடையின் கொடை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். குழுவில் வந்த பெயர்களுக்கெல்லாம் பிரித்தால் ஆளுக்கு 5,000 வரும். அதற்கு ஒரு நன்றிக் கடிதமும், அட்டையில் அச்சடித்த பெரிய காசோலையோடு ஒரு போட்டோவும் கிடைக்கும். அதே பணம் ஒரே இடத்துக்கு மாதம் 5,000 வீதம் ஒரு வருடம் போனால் அங்கே மாதாமாதம் வணிக சிலிண்டர், அல்லது பகுதி நேரமாகக் கணக்கு எழுத ஒருவர், அல்லது ஒரு சின்ன இல்லத்தின் கரண்ட் பில். எல்லோருக்கும் கொஞ்சம் என்ற வழியை நான் இங்கேயே விட்டுவிடுகிறேன். அது உறுப்பினர்களுக்குள் சண்டை வராமல் இருக்க நல்ல வழி. வாங்குகிறவர்களுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, யாருக்கு? மளிகைக் கடை என்பதால் சோறு போடுகிறவர்களுக்குத்தான் முதல் கை உயர்கிறது. இயல்புதான். ஆனால் சென்னையில் இந்த ஒரு விஷயத்தில் அரசும் ஊரும் ஏற்கெனவே நிறையச் செய்கின்றன. ரேஷனில் அரிசி இலவசம். பள்ளியில் சத்துணவு, 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. 2013-ல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. இத்தனைக்குப் பிறகும் பசி மிச்சமிருக்கும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் வெளியூரிலிருந்து வந்து நாள்கணக்கில் வாசலில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளின் உறவினர்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர்கள், சென்ட்ரலைச் சுற்றி நடைபாதையில் படுப்பவர்கள். இவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறவர்களுக்குத் தேவை இருக்கிறது, மறுக்கவில்லை.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்றால் சென்னைக்காரர்கள் ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போன் போட்டு, "இன்னைக்கு மதியச் சாப்பாடு எங்க கணக்கு" என்கிறார்கள். நல்ல பழக்கம்; வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாத மாநிலத்தில் அது வேர் விட்டதில் ஆச்சரியம் இல்லை. அதன் விளைவாக, கொஞ்சம் பெயர் தெரிந்த இல்லமாக இருந்தால் விசேஷ நாட்களில் வடை பாயசத்துக்குக் குறைவிருக்காது. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால்தான் திண்டாட்டம். இரவு தங்கும் உதவியாளரின் சம்பளம், வாடகை, ஆடிட்டர் கட்டணம், மாத்திரை, வேன் டயர், இதற்கெல்லாம் ஸ்பான்சர் கிடைப்பதில்லை. பாட்டி திதிக்குச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாரும் போன் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணமும் இந்த ஓட்டையை அடைப்பதில்லை. 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் ஒரு திட்டம், ஒரு வருடம், ஒரு பெயர்ப் பலகை என்று வரும். சின்ன அமைப்புகளுக்கு இன்னொரு வாசலும் மூடிவிட்டது. வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்புகள் அதில் ஒரு பகுதியைச் சின்னக் குழுக்களுக்குத் தருவது முன்பு சகஜம். 2020-ல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது அப்படிக் கைமாற்றக் கூடாது என்றாகிவிட்டது. ஆக, ஒரு கூட்டுறவுக் கடையின் 60,000 ரூபாய்க்கு எங்கே மதிப்பு அதிகம் என்றால், பெயர் தெரியாத, திட்ட அறிக்கை எழுத ஆள் இல்லாத, ஆனால் கணக்கு ஒழுங்காக வைத்திருக்கும் சின்ன அமைப்பின் அன்றாடச் செலவில்தான். எதற்கு என்று கட்டிப்போடாமல் தர வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், குழுவில் ஓடும் பெரிய பெயர்கள் பின்னால் போய்விடுகின்றன. ஆதரவற்ற பெண்களுக்காக 1930-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அவ்வை இல்லம், மனநலத்துக்கு 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப், வீடற்று மனநோயோடு அலையும் பெண்களுக்காக 1993-ல் தொடங்கிய பேன்யன், இவர்களின் வேலையில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவர்களை நம்பிக் கொடுப்பவர்கள் ஏற்கெனவே பலர். விருப்பப்பட்ட உறுப்பினர் தன் பெயரிலேயே அனுப்பி வரிச் சலுகைக்கான ரசீது வாங்கிக்கொள்ளலாம். கடைப் பணத்தை அங்கே அனுப்ப உறுப்பினர்கள் கூடி விவாதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுற்றுச்சூழல் பக்கம் இளைய உறுப்பினர்கள் நிற்கிறார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த வேளச்சேரி, மடிப்பாக்கம் ஆட்களுக்கு அந்த நிலம் ஏன் வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆமை நடை இன்னொன்று. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் குழு 1988 முதல் இயங்குகிறது. எல்லாம் தன்னார்வம். டார்ச்சும் பேட்டரியும் வேலிக் கம்பும்தான் செலவு என்பதால், நம் தொகையில் அங்கே வெகுதூரம் போகலாம். எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான். ஆனால் முதல் வருடமே ஆமைக்குக் கொடுத்தால், துவரம்பருப்பு விலையைக் கேட்டவர் அடுத்த பேரவையில் மறுபடி எழுந்து நிற்பார். மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நுகர்வோர் உரிமைக்காக 1985 முதல் இயங்கும் சி.ஏ.ஜி. என்ற சென்னை அமைப்பு போன்றவர்களுக்கு எந்தத் தேர்தலிலும் வாக்கு விழாது. அவர்கள் வேலையைப் போட்டோ எடுக்க முடியாது, அவ்வளவுதான் காரணம். மிஞ்சும் உணவைப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோகும் தன்னார்வலர் குழுவான ராபின் ஹுட் ஆர்மி பெயரையும் ஒருவர் போட்டிருக்கிறார். அவர்கள் பணமே வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். மாலையில் விற்காமல் நிற்கும் கீரையையும் வாழைப்பழத்தையும் வேண்டுமானால் அவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கலாம். அதற்குப் பேரவைத் தீர்மானம் தேவையில்லை, கடை மேலாளர் போதும்.

பாரம்பரிய நெல் விதைகளைக் காப்பாற்றும் அமைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு ஆதரவு அதிகம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை என்று இன்று நம் கடையில் பாக்கெட்டில் நிற்பவை, திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் மாதிரியானவர்கள் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்ததால் பிழைத்தவை. அவர் 2018-ல் மறைந்தார். சென்னையிலிருந்தே விதைப் பாதுகாப்பில் வேலை செய்யும் அமைப்புகளும் உண்டு. அவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தவறு என்றால், வேலையில் ஒரு தவறும் இல்லை, உறவில்தான் சிக்கல். நாம் சரக்கு வாங்கும் விவசாயிகளோடும் அவர்களின் குழுக்களோடும் இணைந்து நிற்பவர்கள் இவர்கள். ஒரு கையால் நன்கொடை கொடுத்து, மறு கையால் அதே வட்டத்தில் நெல் வாங்கினால், அடுத்த முறை தரம் குறைந்த சரக்கைத் திருப்பி அனுப்பவும் வாய் வராது, விலை பேசவும் வராது. விவசாயிக்கு உதவ நமக்கு வேறு வழி இருக்கிறது. விதைப்புக்கு முன்னால் முன்பணம் தரலாம், அறுவடை முடிந்ததும் பாக்கி வைக்காமல் தீர்க்கலாம், மழையில் நனைந்த வருடம் கொள்முதல் அளவைக் குறைக்காமல் இருக்கலாம். இது வியாபாரக் கணக்கில் வர வேண்டியது. தொண்டுக் கணக்கில் எழுதினால் அவர்களுக்கும் மரியாதை இல்லை.

பணத்துக்குப் பதில் சரக்காகக் கொடுக்கலாமே என்ற யோசனையில் கணக்கு நன்றாகவே நிற்கிறது. விற்பனை விலையில் நம் லாப விகிதம் 15 சதவீதம் என்றால், 60,000 ரூபாய் அடக்க விலைக்கு, கடையில் 70,000-க்கு மேல் விற்கும் பொருள் போகும். பெறுகிறவருக்குப் பத்தாயிரம் லாபம். நடைமுறையில் இரண்டு இடிக்கும். காட்டுயானம் அரிசியை முந்தின இரவே ஊறவைக்க வேண்டும், வேகவும் நேரமாகும். எண்பது பேருக்குச் சமைக்கும் சமையல்காரம்மா கேட்பது பொன்னி. நம் கொள்கையை அவர் கேஸ் செலவில் நிரூபிப்பது நியாயமில்லை. இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: சரக்காகக் கொடுக்கும் இடங்களில், போகப் போக வண்டு விழுந்த பருப்பும் தேதி நெருங்கிய எண்ணெயும்தான் அந்தப் பக்கம் நகரும். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தானாக அப்படி ஆகிவிடும். பெறுகிறவர் பட்டியல் கொடுத்து, அதில் உள்ளதை மட்டும் அடக்க விலையில் தருவது என்றால் சரி.

இனி தேர்ந்தெடுக்கும் முறை. இதில்தான் பெரும்பாலான கடைகள் சறுக்கும் என்று நினைக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், அதிக வாக்கு பெற்றவருக்குப் பணம் என்பது பார்க்க ஜனநாயகம். நடப்பது என்னவென்றால், எந்த அமைப்பின் அறங்காவலருக்குக் கடையில் சொந்தக்காரர்களும் அபார்ட்மென்ட் நண்பர்களும் அதிகமோ, அது ஜெயிக்கும். அல்லது குழந்தை முகம் போட்ட நோட்டீஸ் ஜெயிக்கும். வாக்களிக்கிறவருக்கு அந்த அமைப்பின் வரவு செலவைப் பார்க்க நேரமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. நேர்மாறாக, நிர்வாகக் குழுவே உட்கார்ந்து முடிவு செய்தால் காகிதங்களைப் பார்த்திருப்பார்கள். ஆனால் "உங்க மச்சான் டிரஸ்ட்டுக்குக் கொடுத்துட்டீங்க" என்ற பேச்சிலிருந்து தப்ப முடியாது. பாதி நேரம் அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கும்.

மூன்றாவது, கடையில் சிலர் குறும்பாகச் சொல்லி, எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போன வழி. பில் போடும் இடத்தில் மூன்று ஜாடி, மூன்று பெயர். துணிப்பை கொண்டுவருகிறவருக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த ஜாடியில் போட வேண்டியது. அமெரிக்க உணவுக் கூட்டுறவுகளில் இதே போல டோக்கன் வைப்பது உண்டு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், ஜாடியில் எழுதியிருப்பதைப் படித்து இரண்டு கேள்வி கேட்கவும் செய்வார்கள். குறை வெளிப்படை: தினம் கொத்தமல்லி வாங்க வருகிறவருக்கு மாதம் இருபத்தாறு வாக்கு, மாதச் சாமான் ஒரே தடவையாக வாங்குகிறவருக்கு ஒன்று. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவின் அடிப்படையே அடிபடுகிறது. பெரிய தொகைக்கு இது ஆகாது.

நான்காவது, குடவோலை. கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள். பரவாயில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பராந்தக சோழன் காலத்தில், தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். நாம் பள்ளியில் இதைத் தேர்தல் என்று படித்தோம், உண்மையில் அது குலுக்கல். அந்தத் தகுதிப் பட்டியல், நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டுமானது, அதைப் பெருமையாகத் தூக்கிவர எனக்கு விருப்பமில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிலிருக்கும் இரண்டு தடைகள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்துக்குள் வர முடியாது. கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவரும் வர முடியாது. நம் கொடைக்கும் இதையே வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். குலுக்கலில் யாருக்கும் தோற்ற வருத்தம் இல்லை, ஆதரவு திரட்டும் வேலையும் இல்லை. ஆனால் உறுப்பினர்கள் யோசிக்க வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. வருடத்துக்கு ஒரு நாள் நான்கு அமைப்புகளைப் பற்றி நானூறு குடும்பங்கள் பேசுவது, கொடுக்கும் பணத்தைவிடப் பெரிய லாபம் என்று நினைக்கிறேன். சம வாக்கு வந்தால் மட்டும் குடத்தை எடுக்கலாம்.

கடைசியாக, தேர்வு முறை அல்ல, பணம் சேர்க்கும் இன்னொரு வழி: பில்லை முழு எண்ணாக்கி வாங்குவது. அமெரிக்காவில் டாலருக்கு ஏற்றி வாங்குவார்கள். நம் ஊரில் ரூபாய்க்கு ஏற்றினால் பைசாதான் வரும், அதனால் பத்துக்கு ஏற்ற வேண்டும். 243 ரூபாய் பில் 250 ஆகும். சராசரியாக ஒரு பில்லுக்கு நாலரை ரூபாய். நாளைக்கு 100 பில், பாதிப் பேர் சம்மதம் என்றால் 225 ரூபாய்; மாதம் 26 நாளுக்கு 5,850; வருடத்துக்கு 70,200. லாபத்திலிருந்து வரும் 60,000-ஐவிட அதிகம்! சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுத்த காலத்தில் இது இன்னும் சுலபமாக நடந்திருக்கும். இப்போது யூ.பி.ஐ.யில் பைசா சுத்தமாகப் போவதால், பில் போடும் பெண் ஒவ்வொருவரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டும். சாயங்கால வரிசையில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது கேட்டால், பலர் கூச்சத்தில்தான் சரி என்பார்கள். ஒரு பலகை வைத்துவிட்டு, கேட்காமல் இருப்பது நல்லது. தொகை பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. இது வாடிக்கையாளர் பணம், கடை லாபம் இல்லை. தனிக் கணக்கில் வைத்து, மாதாமாதம் முழுவதையும் மாற்றிவிட வேண்டும்.

ஆக என் வாக்கு இப்படி. லாபத்திலிருந்து வரும் தொகை முழுவதும் ஒரே ஒரு சின்ன அமைப்புக்கு, இரண்டு வருடத்துக்கு, அன்றாடச் செலவுக்கு. நிர்வாகக் குழுவில் இல்லாத ஐந்து உறுப்பினர்கள் காகிதம் பார்த்து, நேரில் போய்வந்து, நான்கு பெயரைப் பேரவைக்குக் கொண்டுவர வேண்டும். ரகசிய வாக்கு, ஆளுக்கு ஒன்று. பில்லில் சேரும் சில்லறையைப் புளியங்கொட்டை ஜாடி தீர்மானிக்கட்டும். உணவு கொடுப்பவர்கள் அங்கே மாதத்துக்கு ஒருவராக வந்து போகலாம், கொத்தமல்லிக்காரர் இருபத்தாறு வாக்கு போட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

காகிதம் என்று சொன்னது மூன்றுதான்: பதிவுச் சான்று (அறக்கட்டளை ஆவணமோ, 1975-ம் வருடத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவோ), கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, சம்பளப் பட்டியல். வருமான வரிச் சலுகைப் பதிவு (12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகியவை) இருந்தால் நல்லது. கட்டாயமாக்கினால் நாம் தேடும் சின்ன அமைப்புகள்தான் முதலில் கழியும். இதைப் பற்றி நம் ஆடிட்டரிடம் முன்னாலேயே பேசிவிட வேண்டும். சம்பளப் பட்டியலை ஏன் கேட்கிறேன் என்றால், "எங்களுக்குச் சம்பளச் செலவே இல்லை" என்று பெருமைப்படும் இல்லத்தில், இரவில் ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்கினால் எழுந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கத்தான். அங்கே போகிறவர்கள் மதியம் போக வேண்டாம். மதியம் யாராவது பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். இரவு எட்டு மணிக்குமேல் போய், அன்று வேலையில் இருப்பவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து பேரவையில் சொல்லட்டும்.